பாட்டிலுக்குள் படியும் பழுப்பு

வேலையில் சேர்ந்த முதல் மூன்று மாதமும் நான் பாட்டில்தான் கழுவினேன்.

பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாமே எனக்குப் பாளையங்கோட்டைதான். வேதியியலில் முதுகலை முடித்த கையோடு, 2006-ல், ஊரிலேயே ஒரு தனியார் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஜூனியர் கெமிஸ்ட்டாகச் சேர்ந்தேன். சம்பளம் மாதம் 3,500 ரூபாய். முதல் நாளே பியூரெட் முன்னால் நிறுத்துவார்கள் என்று நினைத்துப் போனவளின் கையில் மூத்த கெமிஸ்ட் அக்கா ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார்.

"இருநூறு பாட்டில் கிடக்கு எம்மா. இதச் சரியாக் கழுவத் தெரிஞ்ச பொறவு மத்தத பாக்கலாம்."

அக்கா சொன்னதன் பொருள் ஒரு வாரத்தில் விளங்கியது. கடையில் விற்கும் சோப்புத்தூள் பலவற்றில் பாஸ்பேட் உண்டு. அதைப் போட்டுக் கழுவிய பாட்டிலில் ஆற்று நீரைப் பிடித்தால், ஆற்றில் இல்லாத பாஸ்பேட் அறிக்கையில் வந்து உட்காரும். ஈயம், செம்பு போன்ற உலோகங்களைப் பார்க்கும் பாட்டிலை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு ராத்திரி ஊறப்போட வேண்டும். கிருமி பார்க்கும் பாட்டிலை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைக்க வேண்டும். எந்தப் பாட்டிலையும் கழுவி முடித்ததும் மூன்று தரம் டிஸ்டில்டு வாட்டரில் அலச வேண்டும்; ஆட்டோகிளேவ் அதற்குப் பிறகுதான். கழுவாத பாட்டில் ஆற்றின் மேல் பொய்ப் பழி போடும்; அல்லது ஆற்றைக் கெடுத்தவனைக் காப்பாற்றிவிடும்.

அடுத்து அக்கா கற்றுக்கொடுத்தது ‘பிளாங்க்’. சாம்பிளுக்குச் செய்யும் எல்லாவற்றையும் முதலில் வெறும் டிஸ்டில்டு வாட்டருக்குச் செய்து பார்ப்பது. அதில் ஏதாவது அளவு காட்டினால் குற்றம் நம் ரசாயனத்திலோ, கண்ணாடியிலோ, கையிலோ இருக்கிறது என்று அர்த்தம். ஊரைச் சந்தேகப்படும் முன்னால் தன் கையைச் சந்தேகப்படு என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். இன்றுவரை நான் அதைத் தாண்டிப் போகவில்லை.

நாலாவது மாதம் என்னைத் தாமிரபரணி ஆற்றுக்கு அனுப்பினார்கள். சாம்பிள் எடுக்கும் அண்ணாச்சி ஒருவர், வேன் ஓட்டுபவர், நான். விடியற்காலம் நாலரை மணிக்கு ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு நேராக மலையடிவாரத்துப் பாபநாசம் போய்விடுவோம். அங்கிருந்து கீழே இறங்கி வர வேண்டும். தெளிந்த இடத்தில் தொடங்கிக் கலங்கிய இடத்தில் முடிப்பதே முறை. மாற்றிச் செய்தால் கீழ்த் தண்ணீரின் அழுக்கு வாளியோடும் கயிற்றோடும் மேல் தண்ணீருக்கு ஏறிவிடும்.

பொதிகையில் பிறந்து புன்னக்காயல் அருகே கடலில் சேர்வதற்குள் தாமிரபரணி ஓடும் தூரம் ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான். பெரிய ஆறுகளோடு வைத்துப் பார்த்தால் ஒரு முழம். ஆனால் மலையில் தொடங்கிக் கடலில் முடியும் வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிற ஆறு. மேலே யாரோ கெடுத்தார்கள் என்று பக்கத்து மாநிலத்தைக் கை காட்ட முடியாது. இதில் என்ன கலந்தாலும் அது நாம் கலந்தது.

பாபநாசம் கோயில் படித்துறையில் அந்த நேரத்தில் தண்ணீர் சில்லென்று இருக்கும். மீன்கள் காலைச் சுற்றி வரும். பாவம் தொலைக்க வந்தவர்கள் ஆற்றோடு விட்டுப்போன வேட்டியும் சேலையும் கல்லிடுக்கில் சிக்கிக் கிடக்கும். அண்ணாச்சி முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, ஓட்டத்தைப் பார்த்து நின்று, பாட்டிலின் வாய் ஓட்டத்துக்கு எதிராக இருக்கும்படி ஒரு அடி ஆழத்தில் பிடிப்பார். மேல் படலத்தை எடுக்கக் கூடாது, அடிச் சேற்றைக் கிளறக் கூடாது. ஆக்சிஜன் பார்க்கும் பாட்டிலில் ஒரு குமிழி கூட நிற்கக் கூடாது. நின்றால் அந்தக் குமிழியின் காற்றும் ஆற்றின் கணக்கில் சேர்ந்துவிடும்.

அந்தப் பாட்டிலைக் கரையிலேயே வைத்து ‘கட்ட’ வேண்டும், அதாவது ஆக்சிஜன் அளவு மாறாதபடி நிறுத்திவைக்க வேண்டும். 1888-ல் ஹங்கேரிக்காரரான வின்க்லர் கண்டுபிடித்த முறை. இன்றும் உலகம் முழுக்க இதுதான் அடிப்படை. 300 மில்லி பாட்டிலில் மாங்கனீஸ் சல்பேட் கரைசல் 2 மில்லி, அதன் மேல் காரம் கலந்த அயோடைடு கரைசல் 2 மில்லி. மூடி, தலைகீழாக நாலைந்து முறை புரட்டினால் உள்ளே ஒரு வண்டல் திரளும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் அந்த வண்டல் பழுப்பு. ஆக்சிஜன் கூடக்கூடப் பழுப்பும் கூடும். ஆக்சிஜனே இல்லாவிட்டால் வெள்ளை. கூடத்துக்கு வந்து அமிலம் விட்டால் வண்டல் கரைந்து பொன் மஞ்சளாகும். ஸ்டார்ச் சேர்த்தால் நீலம். 0.025 நார்மல் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீலம் மறையும் சொட்டோடு நிறுத்த வேண்டும். 200 மில்லி சாம்பிளுக்கு எத்தனை மில்லி தயோ செலவானதோ, ஒரு லிட்டர் தண்ணீரில் அத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன். கணக்கு அவ்வளவு எளிது. எண் வருவதற்கு முன்பே, கரையில் நிற்கும்போதே, நிறம் பாதியைச் சொல்லிவிடும்.

பாபநாசத்தில் அந்த வண்டல் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இறங்கும். நம் ஊர் வெக்கையில், 27 டிகிரியில், ஒரு லிட்டர் தண்ணீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனே சுமார் 8 மில்லிகிராம்தான். பாறையில் மோதி இறங்கிவரும் தண்ணீர் அதைக் கிட்டத்தட்ட முழுசாகவே சுமந்து வரும். உப்பின் அளவும் மிகக் குறைவு, டி.டி.எஸ். மீட்டரை முக்கினால் நூறுக்குள் நிற்கும்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று இறங்கி வருவோம். ஊருக்கு ஊர் பழுப்பு சற்றே இளகும். ஆனாலும் ஆறு தன்னைத் தேற்றிக்கொண்டே வரும். அணைக்கட்டுகளில் தண்ணீர் விழுந்து நுரைக்கும் இடத்திலெல்லாம் காற்று ஏறும், மணல் வடிகட்டும், வெயில் கிருமியைக் கொல்லும். சுத்தமல்லி தாண்டி நெல்லை மாநகருக்குள் நுழையும் வரை ஆற்றின் கை ஓங்கித்தான் இருக்கும்.

குறுக்குத்துறை முருகன் கோயில் பக்கம் ஒருநாள் காலை, துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"என்னத்தெம்மா பாட்டில்ல புடிக்க?"

"தண்ணி நல்லா இருக்கான்னு பாக்கதுக்கு ஆச்சி."

"எழுவது வருசமா இதுல குளிக்கேன். என்ட்ட கேட்டா சொல்ல மாட்டனா? மின்ன குளிச்சிட்டு அப்படியே குடத்துல மோந்துட்டுப் போவோம். இப்பம் குளிக்க மட்டுந்தான். அதுலயே தெரியலயா?"

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அட்டவணை போட்டு வைத்திருப்பதும் இதைத்தான். எந்த நீர் எதற்கு ஆகும் என்று ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து வகுப்பு. கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கலாம் என்றால் ‘ஏ’: லிட்டருக்கு 6 மில்லிகிராமாவது ஆக்சிஜன் வேண்டும், கோலிஃபார்ம் 100 மில்லியில் 50-க்குள் இருக்க வேண்டும். குளிக்க மட்டும் ஆகும் என்றால் ‘பி’: ஆக்சிஜன் 5, கோலிஃபார்ம் 500. முறையாகச் சுத்திகரித்த பிறகே குடிக்கலாம் என்றால் ‘சி’. மீனுக்கும் வனவிலங்குக்கும் ‘டி’. பாசனம் போன்றவற்றுக்கு ‘இ’. ஆச்சி தன் ஆயுசுக்குள் ஆறு முதல் படியிலிருந்து இறங்கியதைக் குடத்தை வைத்தே அளந்திருந்தாள். அவள் சொன்னதை எண்ணாக்கிக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை.

அன்றைக்கே கொக்கிரகுளம் பக்கம், ஒரு ஓடை ஆற்றில் வந்து விழும் வாயில் சாம்பிள் எடுத்தோம். மழைநீர் வடிய வெட்டிய ஓடை. வடிந்தது வீடுகளின் கழிவு. மாங்கனீஸ் விட்டேன், அயோடைடு விட்டேன், மூடிப் புரட்டினேன். சுண்ணாம்பு கரைத்தாற்போல வெள்ளையாகத் திரண்டது. கல்லூரியில் புத்தகத்தில் மட்டும் படித்த வெள்ளை. ரசாயனம் கெட்டிருக்குமோ என்று இன்னொரு பாட்டில் பிடித்தேன். அதுவும் வெள்ளை. எட்டிப் பார்த்தால் 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலம். காலையில் பார்த்த கருப்பட்டிக் காப்பி நிறம் கண்ணை விட்டு மறையவில்லை. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் சீட்டில் நேரத்தை எழுதினார்: 11.20.

நேரம் எழுதுவது சடங்கு இல்லை. நீரில் மிதக்கும் அமலைச்செடி மண்டிய இடத்தில் விடியும் முன் எடுத்த சாம்பிளில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். ராத்திரி முழுக்க எல்லா உயிரும் சுவாசிக்கும், எதுவும் ஆக்சிஜனை உற்பத்தி செய்யாது. பாசி பிடித்த தண்ணீரில் உச்சி வெயிலில் எடுத்தால் ஆக்சிஜன் ஏறி நிற்கும். சாக்கடை கலந்த நீரைக் கூட மத்தியானம் எடுத்து நல்ல நீராகக் காட்டிவிடலாம். நேரம் இல்லாத அறிக்கையை நான் கையில் வாங்குவதில்லை.

ஆக்சிஜன் அளவு அந்த நொடியின் நிலைமை. பி.ஓ.டி. வரப்போகிற கடன். தண்ணீரில் உள்ள கழிவைத் தின்று தீர்க்கக் கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்ப்பது. ஒரு பாட்டிலை வந்த அன்றே சோதித்துவிட்டு, ஜோடிப் பாட்டிலை இருட்டில், இன்குபேட்டரில் வைத்து, பிறகு எடுத்துச் சோதித்தால் குறைந்த அளவு தெரியும். பிரிட்டனில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கழிவுநீர் ஆணையம் இதற்கு ஐந்து நாள் என்று வைத்தது; அந்த நாட்டு ஆறுகளின் நீர் கடல் சேர அதற்கு மேல் ஆகாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அங்கே 20 டிகிரி, ஐந்து நாள். நம் நாட்டுச் சூட்டுக்கு 27 டிகிரியில் மூன்று நாள் என்று இந்தியத் தர நிர்ணயம் மாற்றி வைத்திருக்கிறது. மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான். ஞாயிறு, திருவிழா கணக்கில்லை. தைப்பொங்கல் அன்று பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு, ஈரத்தலையோடு வந்து பாட்டிலைத் திறந்திருக்கிறேன். அம்மா முதல் வருஷம் கோபப்பட்டாள். அடுத்த வருஷம் பொங்கலைத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

என் தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

குடிநீரில் கிருமி பார்ப்பது இந்த வேலையின் கனமான பகுதி. 15 குழாய்களில் ஊதா நிறத் திரவம், ஒவ்வொன்றின் உள்ளும் கவிழ்த்து வைத்த ஒரு குட்டிக் குழாய். சாம்பிளைச் சேர்த்து 24 மணி நேரம், தேவைப்பட்டால் 48 மணி நேரம் வைத்தால், கோலிஃபார்ம் இருக்கும் குழாய் மஞ்சளாகும், குட்டிக் குழாயில் வாயு ஏறி நிற்கும். பிறகு 44.5 டிகிரியில் வைத்து, மலத்திலிருந்து வந்ததுதானா என்று உறுதிப்படுத்துவோம். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 இதில் சலுகை எதுவும் தருவதில்லை: 100 மில்லியில் ஈ.கோலை ஒன்று கூட இருக்கக் கூடாது.

ஒரு மாணவர் விடுதியில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று சாம்பிள் எடுக்கப் போனேன். அன்று காலைதான் தொட்டியில் குளோரினை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். குளோரின் கலந்த நீரைப் பிடிக்கும் பாட்டிலில் முன்கூட்டியே சில துளி சோடியம் தயோசல்பேட் விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டிலுக்குள் இருக்கும் குளோரின் வருகிற வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே வரும். கூடத்துக்கு வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. குழாயடியில் நிலைமை வேறாக இருக்கும். நான் அவசரத்தில் ஆற்றுக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்துப்போய்விட்டேன். அதில் தயோ இல்லை. இரண்டு நாள் கழித்துப் பதினைந்து குழாயும் ஊதாவாகவே இருந்தன. ‘இல்லை’ என்று அறிக்கை போனது.

சாயங்காலம் அக்கா பதிவேட்டைப் புரட்டியவர் கேட்டார்: "எடுக்கையில குளோரின் எவ்வளவு இருந்துச்சு?"

"ஒண்ணுக்கு மேல இருந்துச்சுக்கா."

"எந்தப் பாட்டில்?"

எனக்குக் கை கால் ஆடிப்போயிற்று. அக்கா என்னைத் திட்டவில்லை. செருப்பை மாட்டினார். இருவரும் ஆட்டோ பிடித்து விடுதிக்குப் போய், அறிக்கையைத் திரும்ப வாங்கி, அது செல்லாது என்று எழுதிக் கொடுத்து, சரியான பாட்டிலில் மறுபடி பிடித்து வந்தோம். இந்த முறை மஞ்சள். சமையல்கட்டுக்குப் போகும் குழாய் சாக்கடையைக் கடக்கும் இடத்தில் விரிசல் விட்டிருந்தது பிறகு தெரிந்தது. ‘இல்லை’ என்ற என் ஒரு வார்த்தையை நம்பி, அதைத் திரும்ப வாங்கும் வரை எத்தனை பிள்ளைகள் தம்ளரைத் தூக்கியிருப்பார்கள் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். அன்று முதல் தயோ விட்ட பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டுகிறேன். என்னிடம் வேலை பழகிய பிள்ளைகளும் கட்டுகிறார்கள்.

ஆறு போக, எங்களிடம் வருவதில் பெரும்பங்கு வீட்டுக் கிணறும் போர் தண்ணீரும்தான். ஊறுகாய் பாட்டில், நல்லெண்ணெய் பாட்டில், மண்ணெண்ணெய் வாடை போகாத கேன் என்று கிடைத்ததில் பிடித்துக்கொண்டு வருவார்கள். திருப்பி அனுப்பினால் வருத்தப்படுவார்கள். சுத்தமான பாட்டில் ஒன்றைக் கொடுத்து, குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள், மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது, உடனே கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவோம். "பருப்பு வேவ மாட்டேங்கு எம்மா" என்பார்கள். அது கடினத்தன்மை. சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்திலிருந்து வரும் சில கிணற்று நீரில் வெள்ளி நைட்ரேட்டை விடவிட முடிவே வராது. அது குளோரைடு, உப்பு. அந்த வெள்ளி நைட்ரேட் பட்டுக் கறுத்த விரல் நுனிகளோடுதான் எனக்குப் பெண் பார்க்க வந்தார்கள்.

கடினத்தன்மைக்கு இ.டி.டி.ஏ. டைட்ரேஷன். ஒயின் சிவப்பு நீலமாக மாறும் சொட்டு முடிவு. வேறு நல்ல நீர் கிடைக்காத இடத்தில் கூட லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஒருநாள், புதிதாகக் கட்டிய குடியிருப்பு ஒன்றின் போர் தண்ணீர் 620 காட்டியது. கட்டியவர் வந்து நின்றார்.

"ஒரு இருவத்தஞ்சக் கொறச்சுப் போட்டா ஆருக்கு என்னம்மா கெட்டுப் போவுது?"

மறுபடி செய்தேன்: 618. மறுபடி: 622. மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கஸ்டமர் மனசு நோகாம பாத்துக்கணும்" என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. அக்காவும் போடவில்லை. மேலாளரின் முகம் அதற்குப் பிறகு மாறிவிட்டது. எட்டு மாதத்தில் நான் அங்கிருந்து விலகி வேறு கூடத்துக்குப் போனேன். கடினத்தன்மை 620 உள்ள தண்ணீர் யாரையும் கொல்லாது, எனக்குத் தெரியும். ஆனால் இன்று 620-ஐ 595 ஆக்கும் கை நாளைக்கு ‘இருக்கிறது’ என்பதை ‘இல்லை’ ஆக்கும். தண்ணீர் சோதிப்பவருக்குச் சொத்து அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

இன்னொரு கசப்பு, கூடங்களுக்குள்ளேயே உண்டு. கழிவின் ஆக்சிஜன் தேவையைக் கிருமிகளுக்குப் பதில் ரசாயனத்தால் அளக்கும் சி.ஓ.டி. சோதனைக்குப் பொட்டாசியம் டைக்ரோமேட், கந்தக அமிலம், வெள்ளி சல்பேட், பாதரச சல்பேட் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்க வைக்கிறோம். முடிந்த பிறகு பிளாஸ்க்கில் மிஞ்சுவது குரோமியமும் பாதரசமும். நான் பார்த்த ஒரு கூடத்தில் அதை அப்படியே தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஆற்றில் மாசு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஆற்றுக்கே பாதரசம் அனுப்புகிற காரியம். கேன் வாங்கி, பெயரெழுதி, சேர்த்து வைத்து, அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பச் சண்டை போட்டு வழிசெய்ய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: வேலைக்குச் சேரும் முன் அந்தக் கூடத்தின் தொட்டியைப் பாருங்கள்.

இத்தனை வருஷத்தில் ஆற்றங்கரையில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி, "எந்த ஆலைக்காரன்மா கெடுக்கான்?" ஆலைக் கழிவைக் கண்காணிக்க வேண்டும், அதற்குத்தான் 1974-ல் நீர்ச் சட்டம் வந்தது, 1982-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. ஆனால் நெல்லை மாநகருக்குள் என் பாட்டிலில் பழுப்பை வெளுக்க வைத்தது பெரும்பாலும் வீட்டுச் சாக்கடை. 2011 கணக்கெடுப்பின்படியே நாலே முக்கால் லட்சம் பேர் வாழும் ஊர். பாதாளச் சாக்கடையோடு சேராத வீட்டின் குழாய் ஓடையில் சேரும்; ஓடை பாளையங்கால்வாயிலோ நேரே ஆற்றிலோ சேரும். 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து, கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதில் என் நெஞ்சை உறுத்தும் ஒன்று உண்டு. மாநகரின் குடிநீருக்கு ஆற்றுப் படுகையில் உறைகிணறுகள் இருக்கின்றன. கொண்டாநகரமும் சுத்தமல்லியும் ஊருக்கு மேலே. மணப்படைவீடு ஊருக்குக் கீழே. நாம் விட்டதைத் தாண்டி வருகிற தண்ணீரை நாமே எடுக்கிறோம். அதற்கும் கீழே தூத்துக்குடி வரை எத்தனையோ ஊர்கள் இதே ஆற்றைக் குடிக்கின்றன. நடுவில் நம்மைக் காப்பது மணல். சாக்கடை கலந்த நீரையும் வடித்துக் கொடுக்க அந்த மணல் படுகை ஒன்றுதான் கூலி வாங்காமல் நிற்கிறது. ஸ்ரீவைகுண்டத்துக்காரரான இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010-ல் நீதிமன்றம் மணல் அள்ளத் தடை போட்டபோது, எங்கள் கூடத்தில் அக்கா எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். ஒரு கெமிஸ்ட்டுக்கு மணலின் அருமை தெரியும்.

2018 அக்டோபரில் புஷ்கரம் என்ற நீராடல் விழாவுக்கு வந்த கூட்டம் ஆற்றை நிறைத்தபோது, தெரிந்தவர்களெல்லாம் போன் போட்டு, "குளிக்கலாமா?" என்று கேட்டார்கள். குளிக்கும் நீரில் மலக் கோலிஃபார்ம் 100 மில்லியில் 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-க்கு மேல் போகவே கூடாது என்பது விதி. "மேலே போங்க, பாபநாசம், அம்பை பக்கம் போங்க" என்றே எல்லோருக்கும் சொன்னேன். நான் பிறந்து வளர்ந்த ஊரின் படித்துறையில் குளியுங்கள் என்று வாய் நிறையச் சொல்ல முடியவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. கொக்கிரகுளமும் நெல்லை ஜங்ஷனும் தண்ணீரில் நின்றன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றது. உறைகிணறுகள் முழுகிப்போயின. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் இல்லை. நாங்கள் கையில் கிடைத்த சின்னப் பாட்டில்களோடு கிளம்பினோம். ஹைட்ரஜன் சல்பைடு சோதனை என்று அதற்குப் பெயர். 1982-ல் மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட எளிய முறை. மருந்து தடவிய தாள் உள்ளே இருக்கும். தண்ணீரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால் போதும். கறுத்தால் அதில் மலம் கலந்திருக்கக்கூடும், குடிக்கக் கூடாது. இன்குபேட்டர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கரண்ட் இல்லாத தெருவில் அந்தப் பாட்டில்களை வரிசையாக ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்தோம். மறுநாள் போனபோது தெருவே கூடி நின்றது. பெரும்பாலானவை கறுத்திருந்தன. அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லா வீட்டிலும் தண்ணீர் கொதித்தது.

பதினேழு வருஷம் எண்களாக எழுதிக் கொடுத்து நடக்காதது, ஒரு கறுத்த பாட்டிலில் நடந்தது. அன்று ஒன்றை முடிவு செய்தேன். அறிக்கையைக் கொடுத்து அனுப்புவதோடு என் வேலை முடியாது. தண்ணீருக்கு உரியவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். இப்போது பள்ளிக்கூடங்களுக்குப் போகும்போது இரண்டு பாட்டில் எடுத்துப் போகிறேன். ஒன்றில் பாபநாசம், இன்னொன்றில் ஊருக்குள் ஓடும் ஓடை. பிள்ளைகள் முன்னாலேயே மாங்கனீஸையும் அயோடைடையும் விட்டுப் புரட்டுகிறேன். எது எந்த ஊர்த் தண்ணீர் என்று நான் சொல்வதில்லை. அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது மூன்று. உங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். ஓடைக்குப் போனால் பாதாளச் சாக்கடையோடு இணையுங்கள், அது வராத தெரு என்றால் வரும்வரை கேளுங்கள். உங்கள் கிணற்று நீரையும் குழாய் நீரையும் மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி யாரும் சோதிக்கலாம், ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சியும் தருகிறார்கள். அறிக்கை கையில் வந்தால் கையெழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். யார் எடுத்தார்கள், எங்கே, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

பாபநாசத்தில் இன்றும் பாட்டிலுக்குள் கருப்பட்டிக் காப்பி நிறம்தான் படிகிறது. அதே தண்ணீர்தான் கொக்கிரகுளத்துக்கும் வருகிறது. நடுவில் இருப்பது நாம்.